சிவப்பைத் தேடாதீர்கள், சொண்டைப் பாருங்கள்: கார்டினல் குருவியைக் கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

பெப்ரவரி மாதம், காலை ஆறே முக்கால். இன்னும் சரியாக விடியவில்லை. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் பின்வளவில் முழங்காலளவு பனி. குசினி யன்னலோரம் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்த அம்மா கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"இஞ்ச வா பிள்ளை. அவள் வந்திட்டாள்."

சீடர் மர வேலியின் அடியில் மண்ணிறமாக ஏதோ அசைந்தது. "சிட்டுக்குருவிதானே அம்மா?" என்றேன்.

"சிட்டுக்குருவியோ? உதின்ர சொண்டை வடிவாய்ப் பார். கொவ்வைப்பழம் மாதிரி."

பார்த்தேன். அரை இருட்டிலும் அந்தச் சொண்டு மட்டும் தணல் துண்டு போலத் தெரிந்தது. அது பெண் கார்டினல். சில நிமிடம் கழித்துத்தான் ஆண் வந்தது, எல்லோரும் படம் பிடிக்கிற அந்தச் சிவப்பன். மூன்று குளிர்காலமாக நான் சிவப்பை மட்டுமே எதிர்பார்த்திருந்ததால், கண் முன்னே வந்துபோன கார்டினல்களில் பாதியைத் தவறவிட்டிருக்கிறேன். கார்டினலைத் தேடுகிற எவரும் முதலில் பழக வேண்டியது இதைத்தான்: நிறத்துக்கு முன் சொண்டு.

எங்கே தேடினால் கிடைக்கும்

வட அமெரிக்காவில் சும்மா "கார்டினல்" என்றால் அது வடக்குக் கார்டினல் என்ற இனம். கத்தோலிக்கத் திருச்சபையின் கர்தினால்மார் அணியும் சிவப்பு அங்கியிலிருந்து வந்த பெயர். ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குப் பாதி முழுவதும், தென்மேற்கே ரெக்சாஸ், அரிசோனா, தெற்கே மெக்சிக்கோ தாண்டி பெலீஸ், குவாத்தமாலா வரை இது இருக்கிறது. ஹவாய்த் தீவுகளுக்கு மனிதர்கள் கொண்டுபோய் விட்டார்கள். இலினோய், இந்தியானா, கென்ரக்கி, வட கரோலினா, ஒஹாயோ, வேர்ஜினியா, மேற்கு வேர்ஜினியா என்று ஏழு மாநிலங்கள் இதைத் தங்கள் மாநிலப் பறவையாக வைத்திருக்கின்றன. வேறெந்தப் பறவைக்கும் இத்தனை மாநிலங்கள் இல்லை.

கனடாவில் இது ஒருகாலத்தில் அபூர்வம். ஒன்ராறியோவின் தென்கோடியிலுள்ள பொயின்ற் பீலியில் 1901 இல் கூடு கட்டியது பதிவானது. அதன் பிறகு மெல்ல மெல்ல வடக்கே ஏறி, இன்று ரொறன்ரோ, ஒட்டாவா, மொன்றியல் எங்கும் சாதாரணமாகக் காணலாம். காடு வெட்டிய இடங்களில் வந்த புதர்களும் வீட்டுத் தோட்டங்களும், குளிர்காலத்தில் மனிதர்கள் வைக்கிற தீனியும், கொஞ்சம் தணிந்த குளிரும் சேர்ந்துதான் இதை இங்கே கொண்டுவந்தன. கல்கரியிலும் வன்கூவரிலும் இருப்பவர்கள் தேடிக் களைக்க வேண்டாம். அங்கே இது வழக்கமாக இல்லை.

இன்னொன்று: இது வலசை போகாது. தையில் உங்கள் வேலியில் இருக்கும் சோடியே ஆனியிலும் அதே வேலியில் இருக்கக்கூடும். ஆகவே தேடலைத் தொடங்க நல்ல காலம் குளிர்காலம். இலை இல்லை, வெள்ளைப் பின்னணி, பாதிக் குருவிகள் தெற்கே போய்விட்டன. மிச்சம் இருப்பவற்றை ஆறுதலாகப் பார்த்துப் பழகலாம்.

முதற்படி: சொண்டு, கொண்டை, வால், கடைசியில் நிறம்

இந்த ஒழுங்கில் பாருங்கள். அவசரத்தில் மாற்றிவிடாதீர்கள்.

சொண்டு: குட்டையாக, தடித்து, கூம்பு வடிவில் இருக்கும். வளர்ந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே செம்மஞ்சள் கலந்த சிவப்பு. விதையைக் கொத்தி விழுங்குகிற சொண்டு அல்ல இது, பாக்குவெட்டி. ஒருமுறை ஃபீடரில் (குருவிகளுக்குத் தீனி வைக்கும் தட்டு அல்லது பெட்டி) நின்று சாப்பிடும்போது கவனியுங்கள். விதையை நாக்கால் உருட்டிச் சொண்டின் ஓரத்துக்குக் கொண்டுவந்து, குறுக்காக நிறுத்தி, ஒரே அழுத்து. கோது இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் விழும், பருப்பு உள்ளே போகும். தலை நிமிர்ந்தபடியே இருக்கும், கண் பூனையைத் தேடிக்கொண்டிருக்கும். சிக்கடீ என்ற சின்னக் குருவி விதையைத் தூக்கிக்கொண்டு கிளைக்கு ஓடிவிடும். கார்டினல் நின்ற இடத்திலேயே இருந்து உடைக்கும். தூரத்திலிருந்து பார்த்தாலும் இந்தப் பழக்கமே அடையாளம் சொல்லிவிடும்.

கொண்டை: உச்சந்தலையில் கூராக நிற்கும். ஆனால் இதை நம்பியே இருக்காதீர்கள். பயந்தால், கோபம் வந்தால் நிமிரும். அமைதியாக இருக்கும்போது படிந்து, தலை உருண்டையாகத் தெரியும்.

உடலும் வாலும்: தலையிலிருந்து வால்நுனி வரை 21 முதல் 23 சென்ரிமீற்றர். நம்மூர்க் கொண்டைக்குருவியைவிடச் சற்றுப் பெரிது, மைனாவைவிடச் சிறிது. வால் நீளம். கிளையில் இருக்கும்போது முதுகைக் கொஞ்சம் கூனி, வாலை நேராகக் கீழே தொங்கவிட்டிருக்கும். இறகு குட்டை என்பதால் நெடுந்தூரம் பறக்காது. புதரிலிருந்து புதருக்கு ஒரு தாவல்.

இனி நிறம். ஆண் முழுச் சிவப்பு. சொண்டைச் சுற்றிக் கண் வரை கறுப்பு முகமூடி. இலையுதிர் காலத்தில் புது இறகு முளைக்கும்போது முதுகு இறகுகளின் ஓரம் சாம்பலாக இருக்கும். மாசி, பங்குனிக்குள் அந்த ஓரம் தேய்ந்துபோக, உள்ளிருக்கும் சிவப்பு முழுதாக வெளியே வரும். வசந்தத்தில் திடீரென்று பிரகாசமாகிவிட்டது போல் தெரிவது இதனால்தான். அந்தச் சிவப்பு சாப்பாட்டிலிருந்து வருவது. காட்டுப் பழங்களில் உள்ள கரோட்டினொயிட் நிறமிகளைக் குருவியின் உடல் சிவப்பாக மாற்றி இறகில் வைக்கிறது.

பெண்ணைப் பற்றி மற்றவர்கள் ஒரு வரியோடு கடந்துவிடுவார்கள், எனக்கு அது மனமில்லை. பால் ஊற்றிய தேநீர் போன்ற மங்கிய மண்ணிறம். நெஞ்சுப் பக்கம் இளமஞ்சள் கலந்து வெதுவெதுப்பாக இருக்கும். கொண்டையின் நுனியிலும் இறகின் ஓரத்திலும் வாலிலும் சிவப்புத் தீற்றல். முகமூடி இருக்கும், ஆனால் கடுங்கறுப்பில்லை, சாம்பல். இத்தனை அடக்கமான உடலில் அந்தச் சொண்டு மட்டும் எரியும். குளிர்கால வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் ஒருமுறை பார்த்துவிட்டால், ஆணைவிட இவள்தான் அழகு என்று சொல்வீர்கள்.

குஞ்சு பறக்கத் தொடங்கிய பின், ஆனி முதல் ஆவணி வரை குழப்பம் வரும். இளங்குருவி ஆணானாலும் பெண்ணானாலும் பெண்ணைப் போலவே மண்ணிறம். சொண்டு மட்டும் கறுப்புச் சாம்பல். "சொண்டு சிவப்பில்லையே, வேறு குருவி" என்று தள்ளிவிடாதீர்கள். சொண்டின் வடிவம் அதேதான். இலையுதிர் காலம் போகப்போகச் சொண்டு நிறம் மாறும், ஆணின் நெஞ்சில் சிவப்புத் திட்டுத் திட்டாக வரும்.

அதே காலத்தில் இன்னொரு காட்சி பலரைப் பயமுறுத்தும்: கொண்டையே இல்லாமல், தலை மொட்டையாக, கறுத்த தோல் தெரிய ஒரு கார்டினல் ஃபீடரில் நிற்கும். பெரும்பாலும் இது இறகு உதிர்ப்பில் தலை இறகெல்லாம் ஒன்றாக விழுந்ததுதான். சில வாரத்தில் முளைத்துவிடும். பிடித்து வைத்தியம் பார்க்க வேண்டியதில்லை.

மிக அபூர்வமாக மஞ்சள் கார்டினலும் உண்டு. மஞ்சள் நிறமியைச் சிவப்பாக்கும் வேலை மரபணு மாற்றத்தால் நடக்காமல் போனவை. 2018 இல் அலபாமாவில் ஒன்று பெரிதாகப் பேசப்பட்டது. 2019 தொடக்கத்தில் பென்சில்வேனியாவின் ஈரி நகரில், ஒரு பாதி சிவப்பும் மறு பாதி மண்ணிறமுமாக, பாதி ஆண் பாதி பெண்ணான கார்டினல் ஒன்று தீனிக்கு வந்தது.

எதோடு குழப்பிக்கொள்வீர்கள்

ஒன்ராறியோவில் கோடையில் வரும் ஸ்கார்லெற் ரனேஜர் ஆண் கண்கூசும் சிவப்பு. ஆனால் இறகும் வாலும் கறுப்பு, கொண்டை கிடையாது. தெற்கே வாழ்பவர்கள் காணும் சமர் ரனேஜர் முழுச் சிவப்புத்தான், அதற்கும் கொண்டையோ முகமூடியோ இல்லை, சொண்டு வெளிர்மஞ்சள். ஹவுஸ் ஃபிஞ்ச் ஆணுக்குத் தலையும் நெஞ்சும் மட்டும் சிவந்திருக்கும், வயிற்றில் மண்ணிறக் கோடுகள் ஓடும், ஆளும் சிறிது. பெண் கார்டினலைச் சீடர் வாக்ஸ்விங் என்று நினைப்பவர்கள் உண்டு, இரண்டுக்கும் கொண்டை இருப்பதால். வாக்ஸ்விங்குக்குச் சொண்டு சின்னது, கறுப்பு; வால்நுனியில் மஞ்சள் பட்டை.

அரிசோனா, ரெக்சாஸ் பக்கம் இருந்தால் ஒன்றைக் கவனமாகப் பிரிக்க வேண்டும்: பிருலொக்சியா. கார்டினலின் நெருங்கிய உறவு. சாம்பல் உடல், நடுவில் சிவப்பு வழிந்தது போல. அதன் சொண்டு மஞ்சள், கிளியினுடையது போல வளைந்தது. இங்கேயும் சொண்டுதான் தீர்ப்புச் சொல்கிறது. ஹவாய்க்குப் போனால் சிவப்புத் தலையும் வெள்ளை வயிறுமாகப் புல்வெளியில் மேய்வது சிவப்புக்கொண்டைக் கார்டினல். பெயர்தான் கார்டினல், அது தென் அமெரிக்காவிலிருந்து வந்த வேறு குடும்பம்.

இரண்டாம் படி: காதால் தேடுங்கள்

காட்டில் கார்டினலை முதலில் கண் காண்பது அரிது. முதலில் கேட்பது ஒரு ஒற்றைச் சத்தம்: "சிப்". கூர்மையாக, உலோகத் தன்மையோடு, இரண்டு சில்லறைக் காசு ஒன்றோடொன்று தட்டியது போல. இடைவெளி விட்டு மறுபடியும் "சிப்". விடியலிலும் மம்மல் பொழுதிலும் புதருக்குள்ளிருந்து வரும். இந்த ஒரு சத்தம் பிடிபட்டுவிட்டால் ரொறன்ரோவில் எந்தத் தெருவிலும் கார்டினல் இருப்பதை உணர்வீர்கள்.

பாட்டு வேறு. பலமான, தெளிவான விசில். தொலைவில் போகிறவரை யாரோ விசிலடித்துக் கூப்பிடுவது போலத் தொடங்கி, பிறகு வேகம் பிடிக்கும். ஆங்கிலம் பேசுபவர்கள் இதைச் "சியர் சியர் சியர், பெர்டி பெர்டி பெர்டி" என்று கேட்கிறார்கள். என் காதுக்கு "சீயூ... சீயூ... சீயூ... துயித்துயித்துயித்" என்றுதான் விழுகிறது. உங்கள் காதுக்கு எப்படி விழுகிறதோ அப்படியே எழுதி வையுங்கள், அதுதான் நினைவில் நிற்கும். ஒரு பாட்டு இரண்டு மூன்று வினாடி நீளும். ஒரே குருவி பல மெட்டு வைத்திருக்கும். இங்கே தை கடைசியில், வெயில் அடிக்கிற ஒரு காலையில் முதற்பாட்டுக் கேட்கலாம். மரத்தின் உச்சியைப் பாருங்கள். வழமையாகப் புதருக்குள் ஒளியும் ஆண், பாடுவதற்கு மட்டும் உச்சிக்கு வரும்.

வட அமெரிக்கப் பாட்டுக்குருவிகளில் பெரும்பாலும் ஆண்தான் பாடும். கார்டினலில் பெண்ணும் பாடுகிறாள், சிலவேளை கூட்டில் இருந்தபடியே. ஆகவே "பாடுகிறது, ஆண்தான்" என்று எழுதிவிடாதீர்கள்.

மெர்லின் என்ற இலவசச் செயலியைத் தொலைபேசியில் போட்டுக்கொண்டால் கேட்கும் ஒலிக்குப் பெயர் சொல்லும். கற்க நல்ல துணை. ஆனால் அது பெயர் சொன்ன பிறகு குருவியைக் கண்ணால் தேடிப் பார்த்து உறுதிசெய்யுங்கள். பதிவுசெய்த பாட்டைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பி ஆணை வரவழைப்பதை மட்டும் செய்யவேண்டாம். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று அது கூட்டையும் தீனியையும் விட்டுவிட்டு ஓடிவரும்.

மூன்றாம் படி: வெளியே போய்த் தேடுவது

அடர்காட்டின் நடுவில் தேடாதீர்கள், திறந்த புல்வெளியிலும் தேடாதீர்கள். இரண்டும் சந்திக்கிற ஓரம்தான் கார்டினலின் வீடு. காட்டுத் திராட்சைக் கொடி பின்னிக் கிடக்கும் இடம், டொக்வூட் புதர், சூமாக் செடிக் கூட்டம், ஓடைக்கரை, பழைய வேலி. ரொறன்ரோவில் ரூஜ் தேசிய நகரப் பூங்காவும் நகரத்தின் நடுவே ஓடும் பள்ளத்தாக்குகளும் இப்படிப்பட்ட ஓரங்களால் நிறைந்தவை.

நான் செய்வது இது. சூரியன் உதிக்க அரை மணி முன்பு போய்விடுவேன். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8×42 பைனாகுலர் கழுத்தில். ஓரப் பாதையில் நூறு அடி நடந்து, ஐந்து நிமிடம் அசையாமல் நிற்பேன். "சிப்" கேட்டால் திசையை மட்டும் மனதில் வைத்து, கண்ணால் புதரின் கீழ்ப்பாதியைத் துழாவுவேன். நிலத்திலிருந்து ஆளுயரம் வரை. கார்டினல் பெரும்பாலும் நிலத்தில் அல்லது தாழ்ந்த கிளையில்தான் மேயும். ஒன்றைக் கண்டால் பைனாகுலரை இறக்காமல் பக்கத்திலேயே தேடுங்கள், சோடி அருகில் இருக்கும். கடுங்குளிரில் பத்து இருபது என்று கூட்டமாகவும் சேரும்.

பூங்காவில் தீனி போடவேண்டாம். பல பூங்காக்களில் அது விதிமீறல்.

நான்காம் படி: பின்வளவுக்கு அழைப்பது

தீனி: கறுப்பு எண்ணெய்ச் சூரியகாந்தி விதை. இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். அணில் தொல்லை தாங்கவில்லை என்றால் சாஃப்ளவர் விதை, ஊரில் குசும்பா என்பது. கசப்பென்று பெரும்பாலான அணில்களும் கிராக்கிள் என்ற கறுப்புக் குருவிகளும் ஒதுக்கிவிடும். கார்டினல் விரும்பிச் சாப்பிடும். மலிவான கலவைப் பொதிகளில் உள்ள சிவப்புச் சிறுதானியத்துக்கு அது அவ்வளவாக வராது; அந்தத் தானியம் நிலத்தில் கொட்டி எலியைத்தான் வரவழைக்கும்.

ஃபீடர்: குழாய் போன்ற மெல்லிய ஃபீடர்களில் சின்னத் தண்டில் பக்கவாட்டாக நிற்க இதற்குச் சிரமம். அகலமான தட்டு, அல்லது விளிம்புள்ள பெட்டி ஃபீடர் வேண்டும். தீனியை நேரே பார்த்தபடி நின்று சாப்பிட இடம் இருக்கவேண்டும், அவ்வளவுதான். ரொறன்ரோவில் 2023 முதல் காட்டு விலங்குகளுக்குத் தீனி வைக்கத் தடை. பாட்டுக்குருவிகளுக்கான ஃபீடருக்கு விலக்கு உண்டு, மற்ற விலங்குகளுக்கு எட்டாத உயரத்தில் சுத்தமாக வைத்திருந்தால். உங்கள் நகரசபை என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஒதுங்கிடம்: இதுதான் தீனியைவிட முக்கியம். பத்தடிக்குள் ஒரு சீடரோ அடர்ந்த புதரோ இல்லாவிட்டால் கார்டினல் வரத் தயங்கும். வளவு வெறுமையாக இருந்தால் ஒரு டொக்வூட் நடுங்கள். பழமும் கிடைக்கும், மறைவும் கிடைக்கும். குளிர்காலத்தில் உறையாத தண்ணீர் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

நேரம்: விடியலில் முதலாவதாகவும் இருட்டும்போது கடைசியாகவும் வருவது பெரும்பாலும் கார்டினல். ஆகவே மாலையில் ஃபீடரை வெறுமையாக விடாதீர்கள்.

கண்ணாடி யன்னலைப் பற்றி உறுதியாகச் சொல்கிறேன். ஃபீடரை யன்னலிலிருந்து ஒரு மீற்றருக்குள் வையுங்கள், அல்லது பத்து மீற்றருக்கு அப்பால். இடைப்பட்ட தூரம்தான் கொல்லும். பயந்து எழும் குருவி முழு வேகத்தில் கண்ணாடியில் மோதும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் 5 சென்ரிமீற்றர் இடைவெளியில் புள்ளிகள் ஒட்டுவது நல்ல பாதுகாப்பு. பருந்துப் படம் ஒன்றை ஒட்டிவிட்டால் போதும் என்று நினைக்கவேண்டாம். எங்கள் வீட்டில் புள்ளி ஒட்ட முன்பு ஒரு பெண் கார்டினல் மோதி விழுந்தது. உள்ளங்கையில் எடுத்தபோது நாற்பது ஐம்பது கிராம் எடைகூட இல்லை, சூடு மட்டும் இருந்தது. அடுத்த நாளே ஒட்டினோம்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபீடரைக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, அலசி, காயவைத்து மாட்டுங்கள். கண் வீங்கிய ஹவுஸ் ஃபிஞ்ச் வந்தால் சில நாள் ஃபீடரையே எடுத்துவிடுங்கள். பூனையை வீட்டுக்குள் வையுங்கள்.

கூடு கண்டால்

சித்திரை தொடங்க ஒரு காட்சியை எதிர்பாருங்கள்: ஆண் விதையை உடைத்து, பருப்பைப் பெண்ணின் சொண்டில் ஊட்டும். முத்தமிடுவது போல இருக்கும். அதன் பிறகு கூடு. பெண்தான் கட்டுவாள். குச்சியைச் சொண்டால் நசுக்கி நசுக்கி வளையப்பண்ணி, கூட்டுக்குள் இருந்து சுற்றிச் சுற்றித் திரும்பிக் காலால் தள்ளிக் கிண்ணமாக்குவாள். வெளியே முரட்டுக் குச்சி, அதன்மேல் இலை, பிறகு திராட்சைக் கொடியின் பட்டை, உள்ளே மெல்லிய புல். பெரும்பாலும் ஆளுயரத்துக்குள், புதரின் கவட்டில். இரண்டு முதல் ஐந்து முட்டை; 11 முதல் 13 நாள் அடைகாப்பு; குஞ்சு வெளியேற ஏறத்தாழ ஒன்பது பத்து நாள்.

கண்டால் விலகிப் போங்கள். கிளையை ஒதுக்கிப் படம் எடுத்தால் காகத்துக்கும் நீல ஜே என்ற குருவிக்கும் வழி காட்டியதாகும். வேலியைக் கத்தரிப்பதை ஆவணி முடியும் வரை தள்ளிப்போடுங்கள். கனடாவில் 1917 இலும் ஐக்கிய அமெரிக்காவில் 1918 இலும் வந்த சட்டங்கள் இந்தக் குருவியையும் கூட்டையும் காக்கின்றன. அதற்கு முன்பு கார்டினலைப் பிடித்துக் கூண்டில் அடைத்து, "வேர்ஜினியா நைற்றிங்கேல்" என்று ஐரோப்பா வரை விற்றார்கள்.

இந்தக் காலத்தில் ஒரு ஆண் உங்கள் யன்னலையோ கார்க் கண்ணாடியையோ நாள் முழுக்கக் கொத்தினால், அது கண்ணாடியில் தெரியும் தன் பிம்பத்தோடு சண்டை பிடிக்கிறது. வெளிப்பக்கம் ஒரு தாளை ஒட்டி மறையுங்கள், நின்றுவிடும்.

பக்கத்து வீட்டு மூதாட்டி, கணவர் இறந்த பிறகு யன்னலுக்கு வந்த கார்டினலை அவர்தான் என்று நம்புகிறார். இங்கே பலருக்கு அந்த நம்பிக்கை உண்டு. இரங்கல் அட்டைகளில் சிவப்புக் குருவியை அச்சிடுகிறார்கள். அம்மாவுக்கு அதை யாரும் விளக்கவேண்டி இருக்கவில்லை. காகத்துக்குச் சோறு வைத்துவிட்டுக் காத்திருந்தவருக்கு அது தெரியும்.

கடைசியாக, எழுதி வையுங்கள்

ஒவ்வொரு பெப்ரவரியிலும் நான்கு நாள் உலகம் முழுக்க வீட்டுவளவுப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 1998 இல் தொடங்கியது. பதினைந்து நிமிடம் பார்த்து, கண்டதை மெர்லினிலோ, ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்திலோ பதிந்தால் போதும். நீண்ட காலம் செய்ய விரும்பினால் கார்த்திகை முதல் சித்திரை வரை ஓடும் ஃபீடர்வாட்ச் என்ற கணக்கெடுப்பு இருக்கிறது. 1970களில் ஒன்ராறியோவில் ஃபீடருக்கு வரும் குருவிகளை எண்ணத் தொடங்கிய வேலைதான் இன்று கண்டம் முழுக்கப் பரந்திருக்கிறது.

எண்ணும்போது ஒரு விதி: வந்துபோவதை எல்லாம் கூட்டாதீர்கள். ஒரே நேரத்தில் ஒன்றாகக் கண்ட அதிகபட்ச எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒரே ஆண் ஆறு தடவை வந்து ஆறாகிவிடும். ஆணையும் பெண்ணையும் பிரித்து எழுதுங்கள்.

சென்ற பெப்ரவரித் தாள் எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் இன்னும் ஒட்டியிருக்கிறது. அம்மாவின் கையெழுத்து: கார்டினல் மூன்று. பக்கத்தில் பேனையால் இரண்டு தடவை அழுத்தி, பெண் இரண்டு.